நாப்பது பேருக்கு ஒரே நம்பரு

கொன்னுட்டு, கொன்னதையும் ஒத்த வரியில எழுதி அனுப்பியிருக்கான்மா அந்த ஆளு. இதுல என்னா தப்பு, கொலகாரன்னு சொன்னா உனக்கு ஏன் மூஞ்சி சுருங்குது? உன்னைச் சொல்லல. நீ போன மாசம் அந்த சாஃப்ட்வேரு கம்பெனியில வேலைக்குச் சேந்த பொண்ணு, உனக்கும் இதுக்கும் சம்மந்தமில்ல. எழுதினவனைச் சொல்றேன். பேரு தெரியாது எனக்கு. நீங்கதான் பேரு போட மாட்டீங்களே. கீழ பூரா கம்பெனி பேருதான். கம்பெனிக்கு என்னா கையா இருக்கு எழுத? யாரோ ஒருத்தன் ஏசியில உக்காந்துக்கினு தட்டியிருக்கான். அவன்தான்.

பெல்ட்டு போட்டுக்கம்மா. முதுநகர் தாண்டுற வரைக்கும் இப்படித்தான் தூக்கித் தூக்கிப் போடும், அப்பறம் ரோடு நல்லாருக்கும்.

எங்கயா? சிதம்பரம். இல்ல இல்ல, கம்ப்யூட்டரு ஆபீசுலதான் இருக்கு, அது எங்க ஓடிடப் போவுது? புதுசு ஏத்துற வேலையை சாயங்காலம் வந்து பண்ணிக்க. பயந்துக்காத. அதுக்குத்தான் ஜான்சியையும் பின்னாடி ஏத்திக்கினு வந்திருக்கேன். ஜான்சி, சொல்லேன் அந்தப் பொண்ணுக்கிட்ட, நான் கத்துவனே தவிர கடிக்க மாட்டேன்னு. பாத்தியா, சிரிக்கிறா. பதினோரு வருசமா என் ஆபீசுல கணக்கு, கம்ப்யூட்டரு எல்லாம் இவதான். இங்கிலீசுல வர்றதையெல்லாம் இவதான் எனக்குப் படிச்சித் தமிழ்ல சொல்லுவா. நான் எட்டாவதோட நின்னவன்மா. பதிமூணு வயசுல துறைமுகத்துல உப்பு மூட்டை தூக்குனேன். இன்னைக்கி நாலு கம்பெனிக்கு ஆளு அனுப்புறேன். எவன் கையையும் புடிச்சி மேல வரல. பேசித்தான் வந்தேன். பத்துன்னா ஆறும்பேன், ஆறுன்னா அஞ்சரைம்பேன்.

போன செவ்வாக்கெழம உங்க மெயிலு வந்திச்சி. புது வெர்சன் வந்திருக்கு, என்னென்ன புதுசு, என்னென்ன சரிபண்ணியிருக்குன்னு ஒரு லிஸ்ட்டு. ஜான்சி, படிம்மான்னேன். மொத்தம் இருவத்தேழு. புதுசு பன்னெண்டு, சரிபண்ணது பதினஞ்சி. புதுசுல என்னான்னா, ராத்திரியில கண்ணு கூசாம இருக்க திரையைக் கறுப்பா மாத்திக்கலாம். சரி, மாத்திக்குவோம். முன்னைக்கி இப்ப முப்பது சதவீதம் வேகம் ஜாஸ்தி. சந்தோசம். மெசேஜுக்குப் பதிலா கட்டை வெரலு பொம்மை அனுப்பலாம். ரொம்ப சந்தோசம். தொட்டியில ஆளு எறங்கட்டுமான்னு கேட்டா இனிமே கட்டை வெரலைக் காட்டலாம்.

அப்பறம் சரிபண்ணது. பதினெட்டாவது, சின்ன போன்ல கம்பெனி முத்திரை கலங்கலாத் தெரிஞ்சிது, சரிபண்ணியாச்சி. இருவதாவது, இந்தியில ஒரு எழுத்து தப்பா இருந்திச்சி, சரிபண்ணியாச்சி. நடுவுல பத்தொம்பது. அதைப் படிச்சிட்டு இவ நிறுத்திட்டா. கண்ணாடியைக் கழட்டி மேசையில வச்சிட்டா. மறுபடி படிடின்னேன். படிச்சா.

உனக்குத் தெரியும்தானே அந்த வரி? எங்க, நீயே தமிழ்ல சொல்லு பாப்போம். கூச்சப்படாம சொல்லு… அதேதான். ஒரே நம்பருக்கு, ஒரே பெர்மிட்டு சம்மந்தமா, அரை மணி நேரத்துக்குள்ள ரெண்டாவது மெசேஜ் வந்தா, முன்ன வந்ததோட நகலுன்னு நெனச்சி சாஃப்ட்வேரு அதை அனுப்பாம போட்டுடுச்சி. போட்டுட்டு, அனுப்பினதா பச்ச டிக்கும் காட்டிடுச்சி. அரிதான சில சமயங்கள்ல. சரிபண்ணியாச்சி. அவ்ளோதான். முத்திரை கலங்கலுக்கும் ஒரு வரி, இதுக்கும் ஒரு வரி.

அரிதான சில சமயமாம். அந்த சமயத்துக்குப் பேரு ராஜவேலும்மா. வயசு இருவத்துநாலு.

டேய்! லாரிக்காரனைப் பாரு, இன்டிகேட்டரு போடுறானா பாரு. உன் அப்பன் வூட்டு ரோடாடா? … மன்னிச்சிக்கம்மா. வாய் அப்படித்தான். ஆலப்பாக்கம் வந்திடுச்சி, டீ குடிக்கிறியா? வேணாமா. சரி.

யாரும் உனக்குச் சொல்லலையா இந்த சங்கதியை? உன்னை அனுப்புறப்ப ஒரு வார்த்தை சொல்ல மாட்டானுங்களா? நான் சொல்றேன், கேட்டுக்க.

ஒரு கெமிக்கல் கம்பெனி. பேரு வேணாம், இன்னும் அங்க என் ஆளுங்க வேலை செய்றாங்க. உள்ளார பெரிய பெரிய தொட்டி, நாலு மாசத்துக்கு ஒருக்கா எறங்கி சொரண்டிக் கழுவணும். அந்த வேலைக்கு என் ஆளுங்க நாப்பது பேரு. மேஸ்திரி தமிழ்மணி. தொட்டியில எறங்கணும்னா கம்பெனி பாதுகாப்பு ஆபீசரு பெர்மிட்டு குடுக்கணும். உள்ள காத்து சரியா இருக்கு, எறங்கலாம்னு. முன்னெல்லாம் பேப்பர்ல எழுதி ஒரு ஆளு கையில குடுத்தனுப்புவாங்க. வேணாம்னா அதே ஆளு ஓடி வருவான், மைக்குல சொல்லுவான், விசிலு ஊதுவான். அப்பறம் உங்க சாஃப்ட்வேரு வந்திச்சி. ஆபீசரு ஒரு தட்டு தட்டுனாப் போதும், எந்த உத்தரவு எந்த கான்ட்ராக்டரோட எந்த ஆளுக்குப் போவணுமோ, தபாலாபீசுல கட்டு பிரிக்கிற மாதிரி பிரிச்சி அவனவன் போனுக்கு அனுப்பிடும். நல்ல சாமான்தான். நான் இல்லன்னு சொல்லல.

போன ஆடியில ஒரு வியாழக்கெழம. பத்து பத்துக்கு மெசேஜ் வருது. பெர்மிட்டு நம்பரு முன்னூத்திப் பதினெட்டு, மூணாம் தொட்டி, எறங்கலாம். தமிழ்மணி போன்ல கணீர்னு வருது, ஆளுங்க எல்லாரையும் கூப்புட்டுக் காட்டுறான். பத்து இருவத்திரெண்டுக்கு ஆபீசரு ரெண்டாவது மெசேஜ் தட்டுறாரு. அதே முன்னூத்திப் பதினெட்டு. ஒரு வால்வுல கேஸு கசியிது, எறங்காதீங்க, பெர்மிட்டு ரத்து. தட்டினதும் அவரு திரையில நாப்பது பேருக்கும் பச்ச டிக்கு வருது. எல்லாருக்கும் போயிடுச்சின்னு மனுசன் வேற வேலையைப் பாக்கப் போயிட்டாரு. அவரையும் என்னா சொல்றது? பச்சையைக் காட்டினா நம்பத்தான் செய்வான்.

பத்து நாப்பதுக்கு ராஜவேலு எறங்கினான். காத்து சரியா இருக்குன்னு பெர்மிட்டு சொன்னா ஆக்சிசன் சிலிண்டரு மாட்டத் தேவையில்ல. மாட்டல. ஏணியில எட்டாவது படி தாண்டல. கயிறு தமிழ்மணி கையில இருந்திச்சி. அவன்தான் இழுத்தான். ஆம்புலன்சு வர்றதுக்கு முன்னாடியே என் வண்டியில, நீ உக்காந்திருக்கிற இந்த வண்டியிலதான், பின்னாடி சீட்டுல போட்டுக்கினு போனோம். ஆஸ்பத்திரி வாசல்ல டாக்டரு தொட்டுப் பாத்துட்டு தலைய ஆட்டிட்டாரு.

உனக்கொண்ணு சொல்றேன், சிரிக்காத. அங்க ஐஸ் பொட்டிக்கு ஒரு ரேட்டு சொன்னான். நான் பேரம் பேசினேன்மா. பொணத்தைப் பக்கத்துல வச்சிக்கினு, கொறச்சிக்கய்யான்னு. வாய் தானா பேசுது. தமிழ்மணி என்னையே பாத்துக்கினு நின்னான்.

ராஜவேலு யாருன்னு சொல்லல இல்ல? தமிழ்மணிக்கு மச்சான். பொண்டாட்டியோட தம்பி. அந்தப் பொண்ணு ஞானாம்பாளு, அப்பன் செத்தப்பறம் அந்தப் பையனைத் தூக்கி வளத்தவ. பாலிடெக்னிக் முடிச்சிட்டு வேலை இல்லாம திரிஞ்சவனை தமிழ்மணிதான் என்கிட்ட இட்டாந்து விட்டான். அவளுக்கு இஷ்டமே இல்ல. தொட்டி வேலை வேணாம்னு ஒத்தக்கால்ல நின்னா. மேல நான் நிக்கிறேன்டி, என்னைத் தாண்டி அவனுக்கு என்னா வந்திடும்னு இவன் சொல்லித்தான் அனுப்புனா.

இப்ப புரியிதா நான் ஏன் கத்துறேன்னு?

விசாரணை வச்சாங்க. கம்பெனி ஆளு, லேபரு டிபார்ட்மென்ட்டு, போலீசு. தமிழ்மணி என்னா சொன்னான்? ரத்து மெசேஜ் வரல சார். அவ்ளோதான். எத்தன தடவ கேட்டாலும் அதே. வரல சார். திரையில பச்ச டிக்கு இருக்கேய்யா, நாப்பது டிக்கு, ஒண்ணு கூடவா வரல? வரல சார். பாத்துட்டு அழிச்சிட்டியா? அழிக்கல சார், வரல சார். அவன் போனை போலீசு எடுத்துக்கினு போயி எங்கயோ லேபுக்கு அனுப்பிச்சி, இன்னும் திரும்பி வரல. உங்க கம்பெனியில இருந்து ஒருத்தன் வீடியோவுல பேசினான். நல்லா வெள்ளையா சட்டை போட்டிருந்தான். எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு, பச்ச டிக்குன்னா போயி சேந்திடுச்சின்னு அர்த்தம், எங்க சிஸ்டத்துல தப்புக்கு எடமே இல்லன்னான். பேரு சொன்னான், எனக்கு ஞாபகம் நிக்கல. அன்னைக்கிப் பேசினவனும் இன்னைக்கி எழுதினவனும் ஒரே ஆளுதான்னு என் மனசு சொல்லுது. அவன்தானா? … சொல்ல மாட்டியா. சரி வுடு. உன் மூஞ்சே சொல்லுது.

அப்பறம் என்னா, மேஸ்திரி அலட்சியம்னு முடிச்சிட்டாங்க. எஃப்ஐஆர்ல அவன் பேரு. ஒம்பது நாளு உள்ள இருந்தான். ஜாமீன்ல வந்தான். வந்தா வூட்டுல பொண்டாட்டி இல்ல. பொருளை எடுத்துக்கினு லால்புரத்துல அம்மா வூட்டுக்குப் போயிட்டா. என் தம்பியைக் கொன்னவன் வூட்டுல நான் சோறு ஆக்க மாட்டேன்னு. எட்டு மாசம் ஆச்சி. மெசேஜைப் பாத்துட்டும் எறக்கி வுட்டான்னு நம்புறா அவ. ஏன் நம்ப மாட்டா? கையில அச்சடிச்ச பேப்பரு இருக்கே. நாப்பது பேரு, நாப்பது பச்ச டிக்கு.

அவளைப் பாக்கத்தான் போறோம். நீ ஒண்ணும் பெருசா பேச வேணாம். அந்தப் பத்தொம்பதாம் வரியை அவகிட்டப் படிச்சிக் காட்டு. நான் சொன்னா நம்ப மாட்டா. ஜான்சி சொன்னாலும் என் ஆளும்பா. செஞ்ச கம்பெனியில இருந்து ஒரு பொண்ணு வந்து, மெசேஜ் போவலம்மா, உன் புருசன் பொய் சொல்லலம்மான்னு சொன்னா நம்புவா. அதுக்கப்பறம், அதை ஒரு லெட்டராக் குடுக்கணும். கோர்ட்டுக்கு வேணும். எந்த தேதி, எந்த நேரம், எந்த பெர்மிட்டு, எந்த நம்பருக்குப் போவலன்னு தெளிவா.

அதிகாரம் இல்லியா உனக்கு? தெரியும், இன்ஸ்டால் பண்ணத்தான் வந்தேம்ப. நீ ஒரு ஃபாரம் வச்சிருக்க இல்ல, புது வெர்சன் ஒழுங்கா ஏத்தியாச்சி, திருப்தின்னு நான் கையெழுத்துப் போடணும்னு? போடுறேன். ஆனா சும்மா இல்ல. ஒரு கையெழுத்துக்கு ஒரு கையெழுத்து. அந்த ஆளு லெட்டர்ல போடட்டும், நான் ஃபாரத்துல போடுறேன். நாலு கம்பெனிக்கும் உங்க சாமானையே வச்சிக்கிறேன். இதுக்கு மேல நான் எறங்கி வரணும்னா எங்க எறங்குறது? சொல்லு.

புதுச்சத்திரம் தாண்டிட்டோம். ஏசி ஜாஸ்தியா இருக்கா? கொறைக்கிறேன்.

என்னா கேட்ட? உங்க ரெக்கார்டுல நாப்பது பேருக்கும் ஏன் ஒரே நம்பரு இருக்குன்னா? அது… எங்க ஆளுங்க மாசத்துக்கு ஒரு சிம்மு மாத்துவானுங்கம்மா. எவன் ஆஃபரு குடுக்கிறானோ அவன்கிட்டப் போவானுங்க. யாரு நம்பரைன்னு வச்சிக்கிறது? அதான் நாப்பது பேரு பேருலயும் மேஸ்திரி நம்பரையே குடுத்தோம். எல்லா கான்ட்ராக்டரும் அப்படித்தான் குடுப்பான். நீ வேணா எந்தக் கம்பெனிக்கு வேணா போயி பாரு. ஆளு நாப்பது, நம்பரு ஒண்ணு. அதுல என்னா இருக்கு? ஒரு நம்பருக்கு ரெண்டாவது மெசேஜ் வந்தாத் தூக்கிப் போடுன்னு ஒரு சாமானை செஞ்சவனைக் கேக்காம, என்னைக் கேக்குற. தலைப்பைப் பாத்தியே, உள்ள என்னா எழுதியிருக்குன்னு பிரிச்சிப் பாத்தியான்னு அவனைக் கேளு. கையில கடுதாசி குடுக்கிற தபால்காரன் கூட ஒரே வூட்டுக்கு ரெண்டு கடுதாசி வந்தா ரெண்டையும்தான் போடுவான். ஒண்ணைக் கிழிச்சிப் போட மாட்டான்.

என்னா லேப்டாப்பைத் தெறக்கிற? ஓடுற வண்டியில படிச்சா வாந்தி வரும்மா. எதைத் தேடுற?

முட்லூர்ல டிராபிக் இருக்கும்னு நெனச்சேன், இல்ல. அதோ, வெள்ளாத்துப் பாலம். தண்ணி கெடக்குது பாரு. வேற நாளா இருந்தா பிச்சாவரம் பாத்திருக்கியாம்மான்னு கேட்டிருப்பேன்.

கெடச்சிதா தேடுனது? ஜான்சி, நீ எதுக்கு ஜன்னலையே பாத்துக்கினு வர்ற?

ஓ. பழைய லிஸ்ட்டா. போன வருசம் சித்திரையில வந்த வெர்சனா. அதுலதான் அந்த வசதியைப் புதுசாக் கொண்டாந்தீங்களா. ஒரே மாதிரி மெசேஜ் திரும்பத் திரும்ப வராம தடுக்கும் வசதி. அதுக்குக் கீழ என்னா போட்டிருக்கு? படி. படிம்மா, பரவால்ல.

வாடிக்கையாளர் கேட்டுக்கொண்டதற்கு இணங்க.

நாந்தாம்மா அது.

ஆமா. நாந்தான் கேட்டேன். பின்னாடி உக்காந்திருக்காளே, இவதான் அதைக் கேட்டு எழுதின மெயிலை டைப் அடிச்சா. நான் சொல்லச் சொல்ல அடிச்சா. நாப்பது பேரு பேருலயும் ஒரே நம்பரு இல்லியா, ஒரு மெசேஜ் தட்டினா தமிழ்மணி போன்ல நாப்பது தடவ வரும். போனு சூடாயி நின்னு போயிடும். அவன் வந்து, முதலாளி, எதுக்கு எதைப் பாக்குறதுன்னே தெரியல, ஏதாவது பண்ணுங்கன்னான். நான் மெயிலும் அனுப்பி, உங்க கம்பெனிக்குப் போனையும் போட்டேன். அதே வெள்ளச் சட்டைதான் பேசினான். சார், நாப்பது பேருக்கும் தனித்தனி நம்பரு குடுத்திடுங்க, ஒரே நாள்ல சரியாயிடும்னு சொன்னான். நல்லாத்தான் சொன்னான். மரியாதையாத்தான் சொன்னான். நான்தான் திட்டுனேன். எனக்கு வேலை சொல்லிக் குடுக்கிறியாடா, ஒரு மாசத்துல இதை நிறுத்திக் குடுக்கலன்னா நாலு கம்பெனியில இருந்தும் உன் சாமானைக் கழட்டி ரோட்டுல எறிவேன்னேன். அவசரப்பட்டு செய்யக் கூடாது சார், சோதனை பண்ண ரெண்டு மூணு மாசம் வேணும்னான். ஒரு மாசம்னேன். ரெண்டுன்னான். ஒண்ணரைன்னு முடிச்சேன். ஜெயிச்சிட்டேன்னு அன்னைக்கி ஆபீசுல எல்லாருக்கும் பஜ்ஜி வாங்கிக் குடுத்தேன். ஜான்சி, குடுத்தேனா இல்லியா?

சிம்மு மாத்துறானுங்கன்னு சொன்னேன் பாரு, அது பொய்யிம்மா. மாத்துவானுங்க, ஆனா அதுக்காக இல்ல. ஆளுங்க நம்பரு கம்பெனி கைக்குப் போயிடுச்சின்னா, நாளைக்கி நான் எதுக்கு? நேரா அவனுங்களைக் கூப்புட்டு வேலை குடுத்திடுவான். இல்லன்னா இன்னொரு கான்ட்ராக்டரு பத்து ரூவா ஜாஸ்தி குடுத்து இழுத்துக்கினு போயிடுவான். ஆளுதாம்மா எங்க மொதலு. மொதலை எவனாவது பேரு, நம்பரோட எழுதி அடுத்தவன் கையில குடுப்பானா? நான் இல்ல, எங்க தொழில்ல எவனும் குடுக்க மாட்டான். எல்லாரும் ஒளிச்சித்தான் வைப்பான். நானும் ஒளிச்சி வச்சேன். ராஜவேலு கிட்ட ஒரு போனு இருந்திச்சி. பாக்கெட்லயே இருந்திச்சி. அவன் நம்பரைக் குடுத்திருந்தா அவன் போனுக்கு ஒரு மெசேஜ், அன்னைக்கி பத்து இருவத்திரெண்டுக்கு… அந்த வசதியே தேவைப்பட்டிருக்காது. நாப்பதும் நாப்பது போனுக்குப் போயிருக்கும். தொட்டிக்கிட்ட உக்காந்து சட்டையைக் கழட்டிக்கினு இருந்திருப்பான், எடுத்துப் பாத்திருப்பான்.

விசாரணையில இதெல்லாம் சொன்னேனான்னு கேக்குறியா. நீ கேக்கல, ஆனா பாக்குறியே. சொல்லல. அப்ப எனக்கு இந்தத் தூக்கிப் போடுற விசயம் தெரியாது, ஜான்சி மேல சத்தியமா தெரியாது. ஆனா அந்த அச்சடிச்ச பேப்பரு இருக்கு பாரு, நாப்பது டிக்கு, அதை விசாரணையில குடுத்தது நாந்தான். ஞானாம்பாளு கையில ஒரு காப்பி குடுத்ததும் நாந்தான். ஏன்னா மேஸ்திரி தப்புன்னா என் லைசென்சு தப்பிச்சிது. இருவத்திரெண்டு வருசம் என் கூட மூட்டை தூக்குனவன், வரல முதலாளின்னு என் மூஞ்சைப் பாத்து சொல்றான். நான் அவன் மூஞ்சைப் பாக்காம பேப்பரை நீட்டுனேன்.

வண்டிகேட்டு வந்தாச்சி. லெப்டுல போனா டவுனு. நாம நேரா.

அழுவாத ஜான்சி. நீ டைப்தான் அடிச்ச.

இந்த ஒரு வாரமா நான் யாரைத் திட்டிக்கினு இருந்தேன்னு இவளுக்குத் தெரியும். உங்க ஆளைத்தான். எழுதினவனை, செஞ்சவனை. அவனைத் திட்டுறப்ப கொஞ்சம் நல்லாருக்கும், தண்ணி குடிச்ச மாதிரி. காலையில உன்னை வண்டியில ஏத்துறப்பக் கூட நான் கேட்டு அனுப்பின அந்த மெயிலைப் பத்தி வாயைத் தெறக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். லெட்டரை வாங்கிக்கினு, பழியை உங்க தலையில கட்டிட்டு, நான் பக்கத்துல நல்லவனா நின்னுக்கலாம்னு. அதுவும் பேரம்தான். நீ லேப்டாப்பைத் தெறக்கலன்னா முடிஞ்சிருக்கும்.

இதான் வூடு. அந்தப் பச்ச கேட்டு இல்ல, அதுக்குப் பக்கத்துல, தகரம் போட்டிருக்கு பாரு. இட்லி மாவு விக்கிறா. வாசல்ல நிக்கிறதுதான் ஞானாம்பாளு. என் வண்டின்னு தெரிஞ்சிடுச்சி அவளுக்கு. இந்த வண்டியை அவ மறப்பாளா? உள்ள போவல பாரு, அப்படியே நிக்கிறா.

எறங்காத. இரு. மொதல்ல அந்த ஆளுக்குப் போனைப் போடு. மீட்டிங்குல இருந்தா வெளிய வரச் சொல்லு. சுப்பராயலு வந்திருக்கான், உங்க பொண்ணை வண்டியில உக்கார வச்சிருக்கான்னு சொல்லு, பயந்தாவது எடுப்பான். வேணாம், அப்படிச் சொல்லாத. கும்பிட்டுக் கேக்குறான்னு சொல்லு. ரிங்கு போவுதா? ஸ்பீக்கர்ல போடு. வேணாம், குடு, நானே பேசுறேன்.

சார். நான் கடலூரு சுப்பராயலு. ஆமா சார், அதே சுப்பராயலுதான், உங்களைக் கண்டபடி திட்டுனவன். இன்னைக்கித் திட்டல சார், கட் பண்ணாதீங்க. லெட்டரு வேணும். வக்கீலைக் கேளுங்க, பெரியவங்களைக் கேளுங்க, எல்லாரையும் கேளுங்க, நான் இந்த வாசல்லயே நிக்கிறேன். ஆனா சில சமயம், அரிதான சமயம்னு எழுதாதீங்க. வாடிக்கையாளர்னு எழுதாதீங்க. கேட்டது யாருன்னு என் பேரைப் போடுங்க, அப்பன் பேரு, ஊரு எல்லாம் போடுங்க, சரியா சோதிக்காமக் குடுத்தது நீங்கன்னு உங்க பேரையும் போடுங்க. போட்டுட்டு, தமிழ்மணி பேரை எடுங்க சார். அவனுக்கு அந்த மெசேஜ் வரலன்னு எழுதுங்க. அவன் பொண்டாட்டி எதுருல நிக்கிறா. இப்பவே எழுதுங்க.